மூன்று இடத்தில் ஒட்டும் உதடு: இந்திக் காதல் படத்தைத் தமிழ் பேசவைப்பது

"மை தும்ஸே ப்யார் கர்தா ஹூ." இந்த வசனமோ இதன் சாயலோ இல்லாத இந்திக் காதல் படம் அரிது. இதைச் சொல்லும்போது உதடு மூன்று இடத்தில் ஒட்டுகிறது: 'மை' தொடங்கும்போது, 'தும்' முடியும்போது, 'ப்யார்' தொடங்கும்போது. இப்போது "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள். உதடு ஒருமுறைகூட ஒட்டாது. படத்தின் உயிர்நாடியான வசனத்தில், அதுவும் பெரும்பாலும் க்ளோசப்பில், நாயகன் மூன்று முறை வாயை மூடுவான். காதில் விழும் தமிழிலோ மூடுவதற்கான எழுத்தே இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "பிடிச்சிருக்கு" என்போம், இல்லாவிட்டால் "ஐ லவ் யூ" என்றே சொல்லிவிடுவோம். "ரொம்பப் பிடிக்கும் உன்ன" என்று வைத்தால் இந்தியில் உள்ள அதே 7 வாயசைவு (அசைக்கு ஒன்று) வருகிறது. 'ரொம்'மில் உதடு ஒட்டுகிறது, 'பி'யில் ஒட்டுகிறது. வாய்க்கும் பொருந்துகிறது, பேச்சுக்கும் பொருந்துகிறது. காதல் பட டப்பிங்கில் வாய் சரியாக உட்காரும் வரியும் இயல்பான தமிழ் வரியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை உழைப்பும்.

எழுத உட்காரும் முன் கைக்கு வரவேண்டிய பொருட்கள் வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். முதலில் எம் அண்ட் இ, அதாவது வசனம் நீங்கலாக இசையும் சத்தங்களும் மட்டும் இருக்கும் ட்ராக். அதோடு வசன ஸ்டெம் (வசனம் மட்டும் இருக்கும் ட்ராக்) தனியாக, பாடல்களின் மைனஸ் ட்ராக் (பாடகர் குரல் நீங்கலான இசை), டைம்கோட் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உரிய நேரக் குறி) பதித்த வீடியோ, இந்தி வசனப் பட்டியல், எழுத்துகள் இல்லாத டெக்ஸ்ட்லெஸ் காட்சிகள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வாங்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். காதல் படத்தில் கடிதம் வரும், போனில் மெசேஜ் வரும், சுவரில் பெயர் எழுதப்படும். டெக்ஸ்ட்லெஸ் இல்லையென்றால் இந்தி எழுத்தின் மேலேயே தமிழைப் போட வேண்டிவரும்.

வீடியோவின் வேகத்தை முதல் நாளே சரிபாருங்கள். படம் விநாடிக்கு 24 ஃப்ரேமில் இருக்க, அனுப்பிய வீடியோ 23.976-இல் இருக்கலாம். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் 20 நிமிட ரீலின் முடிவில் 1.2 விநாடி விலகியிருக்கும். 25 ஃப்ரேமாக இருந்தால் இரண்டரை மணி நேரப் படமே 6 நிமிடம் சுருங்கிவிடும். ரீலின் முதல் வசனமும் கடைசி வசனமும் எம் அண்ட் இயோடு ஒத்துப்போகின்றனவா என்று கேட்டுவிட்டால் போதும். ஒவ்வொரு ரீலிலும் படம் தொடங்க 2 விநாடிக்கு முன்னால் வரும் 'பிப்' சரியான இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் படம் பேசி முடித்த பிறகு இது தெரியவந்தால் ஒவ்வொரு வசனத்தையும் கையால் நகர்த்த வேண்டியதுதான்.

அடுத்து ஸ்கிரிப்ட். ஒரு வரி எழுதுவதற்கு முன்பு, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று ஒரு தாள் போட வேண்டும். இந்தியில் 'ஆப்', 'தும்', 'தூ' என்று மூன்று படி. தமிழில் 'நீங்க', 'நீ' என்று இரண்டு. நாயகி ஒரு கட்டத்தில் 'ஆப்'பிலிருந்து 'தும்'முக்கு இறங்குவாள், அந்த ஒரு சொல்தான் அவள் மனசு மாறிய இடம். அதைக் கவனிக்காமல் முதல் காட்சியிலிருந்தே 'நீ' போட்டுவிட்டால் அந்த இடம் காணாமல் போகும். எந்த டைம்கோடில் மாறுகிறது என்று சிவப்பில் குறித்துவையுங்கள். 'தும்'மிலிருந்து 'தூ'வுக்கு இறங்கும்போது நமக்கு 'டா', 'டி' இருக்கிறது. ஆனால் 'டி' சீக்கிரம் வந்தால் கொஞ்சலாக இருக்காது, அதட்டலாக இருக்கும். கதையில் அந்த உரிமை வந்துவிட்டதா என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

மாறும் இடத்துக்குச் சற்று முன்னால் வரும் காட்சிகள்தான் கடினம். இருவருக்கும் தயக்கம், 'நீங்க' என்றால் தள்ளி நிற்கிறது, 'நீ' என்றால் முந்திக்கொள்கிறது. அங்கே தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. '-லாம்', '-ணும்' என்று முடியும் வினைகளுக்கு எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். "காபி சாப்பிடலாமா?", "ஒண்ணு சொல்லணும்", "கிளம்பலாம்." ஒரு முழுக் காட்சியைக்கூட இப்படி நீ-நீங்க இல்லாமல் ஓட்டிவிடலாம். அதன் பிறகு முதல் 'நீ' வரும்போது தியேட்டரில் அது விழும்.

இங்கே ஒரு கெட்ட வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தியில் இருவருமே 'தும்' என்று சமமாகப் பேசிக்கொண்டிருக்க, தமிழில் நாயகன் வாயில் 'நீ', நாயகி வாயில் 'நீங்க' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிறோம். படத்தில் இல்லாத ஓர் ஏற்றத்தாழ்வை நாமே கொண்டுவந்து நுழைக்கிறோம். கதையில் அந்தப் பெண் அப்படி இல்லையென்றால் தமிழிலும் அவள் அப்படிப் பேசக் கூடாது.

'வோ' என்ற சொல் ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். அதன் இன்னொரு வடிவமான 'உஸ்னே'யை வைத்து "உஸ்னே கஹா" என்றால் சொன்னது ஆணா பெண்ணா என்று கடைசிவரை மறைக்கலாம். தமிழில் 'அவன்', 'அவ' என்றதுமே குட்டு உடைந்துவிடும். பேச்சுத் தமிழின் 'அவங்க' இங்கே கைகொடுக்கும். நேர்மாறான சிக்கலும் வரும். இந்தியில் பேசுபவர் ஆணா பெண்ணா என்று 'கர்தா ஹூ', 'கர்தீ ஹூ' என்ற வினையே சொல்லிவிடும். கையெழுத்தில்லாத கடிதத்தைப் படித்ததுமே எழுதியது ஒரு பெண் என்று நாயகனுக்குத் தெரிந்துவிடும். தமிழில் 'செய்றேன்' அதைச் சொல்லாது. கடிதத்துக்குள் வேறு ஒரு தடயம் வைக்க வேண்டும், 'ஒரு பொண்ணா நான் முதல்ல சொல்றது தப்பான்னு தெரியல' என்பது போல.

உறவுமுறையில்தான் அதிகம் சறுக்குகிறோம். வட இந்தியக் கதையில் மாமா மகள் தங்கைதான். நாயகன் ஊருக்குப் போய் அவளோடு ஆடிப்பாடிச் சிரித்தால் அங்கே யாருக்கும் ஒன்றும் தோன்றாது. 'மாமா பொண்ணு' என்று தமிழில் சொன்ன நொடியே நம் பார்வையாளர் இரண்டாவது நாயகி வந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிடுவார். 'சித்தி பொண்ணு' என்று மாற்றினால் தங்கை என்பது தானாக விளங்கிவிடும், பின்னால் கதை அந்த மாமாவைத் தேடி வராது என்றால் மட்டும். 'மௌசி' என்றால் சித்தியா பெரியம்மாவா என்பதைத் திரையில் இருப்பவர்களின் வயதைப் பார்த்து முடிவுசெய்து, கடைசிவரை அதையே வைத்திருக்க வேண்டும். நாயகனின் நண்பன் நாயகியை 'பாபி' என்று கிண்டல் செய்வான். 'அண்ணி' தவறில்லை. ஆனால் இருவரும் தமிழில் 'மச்சான்' என்று அழைத்துக்கொண்டால் அவள் 'தங்கச்சி' ஆகிவிடுவாள். மச்சானா, அண்ணனா என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இஷ்க், மொஹப்பத், ப்யார், சாஹத் என்று இந்தியில் காதலுக்கு ஏகப்பட்ட சொற்கள். எல்லாவற்றுக்கும் 'காதல்' போட்டால் பத்தாவது நிமிடத்தில் அந்தச் சொல் தேய்ந்துவிடும். ஆசை, பிரியம், பாசம், கிறுக்கு, உசுரு என்று இடத்துக்கு ஏற்றதை எடுங்கள். 'காதல்' என்பதைப் படத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. 'தில்' பெரும்பாலும் 'மனசு'தான். 'இதயம்' என்று எழுதினால் பேசுகிறவர் கவியரங்கத்தில் நிற்பது போலாகும்.

திரையில் தெரியும் சடங்கை மாற்றப் பார்க்காதீர்கள். நாயகன் வகிட்டில் குங்குமம் வைக்கும்போது "மூணு முடிச்சு போட்டாச்சு" என்று வசனம் வைப்பதும், அக்னியை ஏழு முறை சுற்றும்போது 'மூணு சுத்து' என்பதும் பார்ப்பவரை ஏமாற்றுவதாகும். 'ஏழு சுத்து' என்றே சொல்லலாம், நமக்குப் புரியும். அதேபோல டெல்லியைச் சென்னை ஆக்க வேண்டாம், பின்னால் கடைப் பலகை இந்தியில் தெரிந்துகொண்டிருக்கும். அந்தக் கதாபாத்திரங்கள் எந்த ஊர் வழக்கும் தூக்கலாகத் தெரியாத சாதாரணப் பேச்சுத் தமிழ் பேசட்டும். மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் பஞ்சாபி வீட்டுக்குள் ஒட்டாது.

சில படங்களில் ஒரு தமிழ்க் கதாபாத்திரம் வரும். மற்றவர்களுக்குப் புரியாமல் அவர் தமிழில் பேசுவதே காட்சியின் சுவை. எல்லோரும் தமிழ் பேசும் பதிப்பில் அந்தச் சுவை செத்துவிடும். அவரை மலையாளியாகவோ தெலுங்கராகவோ மாற்றுவது வழக்கம். ஆனால் பெயர், உடை, வீட்டு வாசல் கோலம் எல்லாம் தமிழாகத் தெரிந்தால் அது பொய்யாகிவிடும். அப்போது மற்றவர்களின் வசனத்தில் சில வரியை இந்தியிலேயே விட்டு, அவர் மட்டும் தமிழ் பேசுவதாகக் காட்சியைத் திருப்பி அமைப்பதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது. உழைப்பு கூடும், ஆனால் சிரிப்பு மிஞ்சும்.

இனி வாய். இந்தியிலும் தமிழிலும் வினை கடைசியில் வருவதால், ஆங்கிலப் படத்தை டப் செய்வதைவிட இது எளிது. முகம் மாறும் இடமும் முக்கியச் சொல் விழும் இடமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சிக்கல் நீளத்தில்தான். தமிழ் வினைகள் நீளம். க்ளோசப்பில் மூன்றை மட்டும் பார்க்கிறோம்: உதடு ஒட்டும் எழுத்து (ப, ம, ஓரளவு வ), வாய் பெரிதாகத் திறக்கும் 'ஆ', குவியும் 'ஓ', 'ஊ'. நாக்கு உள்ளே என்ன செய்கிறது என்பது திரையில் தெரியாது.

ஒரு வரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். "முஜே தும்ஹாரி ஆதத் ஹோ கயீ ஹை." நேர்ப்பொருள், 'எனக்கு நீ பழகிவிட்டாய்.' இதற்கு 11 வாயசைவு: மு-ஜே-தும்-ஹா-ரி-ஆ-தத்-ஹோ-க-யீ-ஹை. முதல் முயற்சி "நீ இல்லாம இருக்க முடியல." இதுவும் 11, பேச்சும் இயல்பு. ஆனால் முதல் எழுத்தில் அவன் உதடு ஒட்டியிருக்கிறது, நம் வரி 'நீ' என்று பல்லைக் காட்டுகிறது. ஆறாவதில் வாய் 'ஆ' என்று திறக்கிறது, நம்மிடம் அங்கே 'ருக்' இருக்கிறது. இரண்டாவது முயற்சி "மனசு உன்னத் தாண்டிப் போகல." ம-ன-சு-உன்-ன-தாண்-டிப்-போ-க-ல என்று 10. முதல் எழுத்து 'ம', உதடு ஒட்டுகிறது. ஆறாவதில் 'தா', வாய் திறக்கிறது. எட்டாவதில் 'ஹோ' இருக்கும் இடத்தில் 'போ', குவிகிறது. ஒன்பதாவதில் 'க'வுக்கு 'க'வே. கடைசி 'ல'வைக் கொஞ்சம் இழுத்தால் குறைந்த ஒன்றும் நிறைந்துவிடும். 'தும்'மின் உதட்டுக்கு மட்டும் 'சு'வின் குவிப்புதான், அது கடந்துபோகும். பொருள் வார்த்தைக்கு வார்த்தை அதுவல்ல. அவன் சொல்ல வந்தது அதேதான்.

எல்லா வரிக்கும் இந்த உழைப்பு தேவையில்லை. முதுகைக் காட்டும் ஷாட், தூரத்து ஷாட், எதிரில் இருப்பவரின் முகம் மட்டும் தெரியும் ஷாட், இவற்றிலெல்லாம் வாய் தெரியாது. க்ளோசப்பில் சுருக்கியதால் விட்டுப்போன விவரங்களை அங்கே சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'க்ளோஸ்', 'மிட்', 'பேக்' என்று எழுதிவைத்தால் எழுத்தாளருக்கும் பேசுபவருக்கும் நேரம் மிச்சமாகும்.

சென்னைக்கு டப்பிங் புதிதல்ல. கன்னட 'ஹரிச்சந்திரா'வை ஏ.வி.மெய்யப்பன் 1944-இல் தமிழ் பேசவைத்ததிலிருந்து இந்த ஊருக்கு இது கைவந்த தொழில். நல்ல குரல்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் காதல் படத்துக்குக் குரல் தேடும்போது கம்பீரத்தைப் பார்த்து எடுத்தால் தவறிவிடும். ரகசியமாகப் பேசும்போது அந்தக் குரல் என்ன ஆகிறது என்று கேளுங்கள். பலருக்கு மெதுவாகப் பேசினால் குரலின் தன்மையே மாறி வெறும் காற்றாகிவிடும். சோதனைக்கு மூன்று காட்சி கொடுங்கள்: ஒரு கிசுகிசு, ஒரு சண்டை, ஒரு அழுகை. மூன்றிலும் ஒரே ஆள் பேசுவதாகக் கேட்க வேண்டும்.

ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி, கிசுகிசுவுக்கு அதில் பாதி. மெதுவான வசனத்தை 'கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க' என்று கேட்காதீர்கள். சத்தம் கூடினால் நெருக்கம் போய்விடும். கெயினைக் (மைக் ஒலியை வாங்கும் அளவை) கூட்டுங்கள், ஏசியை நிறுத்துங்கள், மிட் ஷாட்டுக்கு மைக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கத்தும் காட்சிகளையும் அழும் காட்சிகளையும் அன்றைய கால்ஷீட்டின் கடைசியில் வைக்க வேண்டும். காலையிலேயே கத்தவைத்தால் மதியம் காதல் வசனம் கரகரப்பாக வரும், மறுநாள் வேறு ஆள் பேசியது போல இருக்கும்.

24 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 42 மில்லி செகண்ட். க்ளோசப்பில் குரல் ஒரு ஃப்ரேம் பின்தங்கினால் கண் மன்னிக்கும், முந்தினால் மன்னிக்காது. இயற்கையில் சத்தம் எப்போதும் காட்சிக்குப் பின்னால்தானே வருகிறது. மென்பொருளில் இழுத்துச் சரிசெய்யலாம், ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டினால் உயிரெழுத்துகள் ரப்பர் போலக் கேட்கத் தொடங்கும். மறுபடி ஒரு டேக் எடுப்பதே நல்லது.

மூச்சும் சிரிப்பும்தான் பலர் கோட்டைவிடும் இடம். சில எம் அண்ட் இயில் நடிகரின் மூலச் சிரிப்பு, விம்மல், முனகல் ஆகியவை தனி ட்ராக்காக வரும். நேரம் மிச்சம் என்று அதையே விட்டுவிடுகிறார்கள். வசனம் ஒருவர் குரலில், சிரிப்பு இன்னொருவர் குரலில். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் அந்தப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். எல்லா மூச்சையும் தமிழ்க் குரலிலேயே பதிவுசெய்யுங்கள். பேசத் தொடங்கும் முன் எடுக்கும் மூச்சு, சொல்ல வந்து விழுங்கும் எச்சில், முத்தத்தின் சத்தம் (தன் புறங்கையில் முத்தமிட்டே எடுப்பார்கள்) எல்லாம் ஸ்கிரிப்டில் தனி வரியாக இருக்க வேண்டும். எழுதாவிட்டால் மறந்துபோகும்.

இருவர் பேசும் நெருக்கமான காட்சியில் முடிந்தால் இருவரையும் ஒரே நாளில் அழைத்து, முதலில் ஒருமுறை சேர்ந்து பேசவைத்துக் கேட்டுவிட்டு, பிறகு தனித்தனி ட்ராக்கில் எடுங்கள். தனியாக வந்து பேசிப் போனவர்களின் குரல்கள் ஒன்றையொன்று கேட்டதாகவே தெரியாது.

பாடல் தனி உலகம். மெட்டு இருக்கிறது, உதடு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் கவிஞர். நீட்டிப் பாடும் இடத்தில் இந்தியில் 'ஆ' இருந்தால் தமிழிலும் அங்கே 'ஆ' வேண்டும், இல்லாவிட்டால் நாயகி வாயைத் திறந்துகொண்டு 'ஈ' பாடுவாள். 1998-இல் 'தில் சே' தமிழில் 'உயிரே' ஆனபோது வைரமுத்து பாடல்களை எழுதினார். 'சைய்யா சைய்யா' அங்கே 'தையா தையா' ஆனது. உயிரொலி அப்படியே, நாக்குக்குள் மறையும் மெய்யெழுத்து மட்டும் மாறியது. ரயிலின் மேல் ஆடுபவர்களின் வாய் கொஞ்சமும் பிசகவில்லை. பாடல் எழுதுகிறவர்கள் இந்தத் திருப்பத்தை எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும். மைனஸ் ட்ராக் வந்ததும் கோரஸ் இசையோடு சேர்ந்து பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தமிழ்ப் பல்லவிக்குப் பின்னால் இந்திக் கோரஸ் ஒலிக்கும். எழுதத் தொடங்கும் முன்பே தனி ஸ்டெம் கேட்டு வாங்குங்கள்.

படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு செய்த படங்களில் மிக்ஸிங்கில் ஒரு வேலை கூடுதல். வளையல், கொலுசு, புடவைச் சரசரப்பு, கோப்பையை வைக்கும் சத்தம் ஆகியவை வசனத்தோடு ஒரே மைக்கில் பதிந்திருக்கும். வசனத்தை நீக்கியதும் அவையும் போய்விடும். எம் அண்ட் இயை நிரப்பித் தந்திருந்தாலும் அவசரத்தில் சில இடம் விட்டுப்போயிருக்கும். குரல் இல்லாமல் எம் அண்ட் இயை மட்டும் ஓடவிட்டு, கை அசைந்தும் சத்தம் வராத இடங்களைக் குறித்து ஃபோலிக்கு (இத்தகைய சிறு சத்தங்களைப் படத்தைப் பார்த்துப் புதிதாகப் பதிபவர்களுக்கு) அனுப்புங்கள். அவள் தலைமுடியை ஒதுக்கும்போது வளையல் ஒலிக்காவிட்டால் காட்சியே கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது போலிருக்கும்.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியில் வாங்கிய சான்றிதழ் தமிழ்ப் பதிப்புக்குச் செல்லாது, தணிக்கை வாரியத்தில் தனியாக வாங்க வேண்டும். 2024 விதிகளின்படி யுஏ என்பது இப்போது 7+, 13+, 16+ என்று மூன்று வகை. வசனத்தில் நாம் சேர்த்த ஓர் இரட்டை அர்த்தம், இந்தியில் கிடைத்த வகையிலிருந்து படத்தை மாற்றிவிடக்கூடும். புகைபிடிக்கும் காட்சி இருந்தால் குறைந்தது 30 விநாடி விழிப்புணர்வுப் படமும் 20 விநாடி எச்சரிக்கையும் தொடக்கத்திலும் இடையிலும் வர வேண்டும். அவையும் திரையின் அடியில் வரும் எழுத்தும் டப் செய்த மொழியிலேயே இருக்க வேண்டும். இந்தி வாசகம் அப்படியே நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது.

இறுதி மிக்ஸை இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒருவர் இந்தி நன்றாகத் தெரிந்தவர், மற்றவர் ஒரு சொல்கூடத் தெரியாதவர். முதலாமவர் பொருள் மாறிய இடத்தைச் சொல்வார், அதில் பாதியை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாமவர் எந்த வரியில் "என்ன சொன்னான்?" என்று கேட்கிறாரோ, எந்த இடத்தில் போனை எடுக்கிறாரோ, அந்த டைம்கோடை எழுதிக்கொண்டு மறுநாள் அந்த வரிகளுக்கு மட்டும் ஒரு கால்ஷீட் போடுங்கள். அந்த நாளையும் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.